முதல் பெரிய ஆர்டரை யாரிடம் வாங்குவது?

கோவை சரவணம்பட்டியிலோ மதுரை கே.கே. நகரிலோ பத்துப் பேரை வைத்து ஒரு மென்பொருள் கம்பெனி நடத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மாதச் சம்பளம் மட்டும் ஐந்து லட்சம். கையில் எட்டு மாதத்துக்குப் பணம் இருக்கிறது. அதற்குள் ஒரு பெரிய வருமானத்தைப் பிடித்தாக வேண்டும். வழி நான்கு: அரசு டெண்டர், பெரிய கம்பெனியிடம் சப்-கான்ட்ராக்ட், வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் சந்தா, முதலீட்டாளர் பணம்.

இந்த நான்கையும் லாப விகிதம் போட்டு ஒப்பிடும் எக்செல் ஷீட்டுகள் ஏராளம். அந்த ஷீட்டில் ஒரு நெடுவரிசை குறைகிறது. இரண்டு வருடம் கழித்து உங்கள் ஆபீஸில் யார் பேச்சு எடுபடும்? பணம் எந்த வாசல் வழியாக வருகிறதோ, அந்த வாசலில் நிற்பவர்தான் கம்பெனியின் உண்மையான தலைவர். நிறுவனர் சுவரில் என்ன கொள்கை எழுதி ஒட்டினாலும் சரி, புதிதாகச் சேர்ந்த பையன் மூன்றே வாரத்தில் அந்த ஆள் யார் என்று கண்டுபிடித்துவிடுவான். அவரைப் பார்த்துத்தான் தொழில் பழகுவான்.

முதலில் அரசு. இதைப் பற்றிப் பேசத்தான் நிறைய இருக்கிறது.

நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 2016-ல் அரசுத் துறைகள் பொருளும் சேவையும் வாங்கும் ‘ஜெம்’ இணையதளம் வந்த பிறகு, நுழைவாயில் உண்மையிலேயே அகலமாகியிருக்கிறது. அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப் என்றால் பல மத்திய அரசு டெண்டர்களில் இ.எம்.டி. எனும் முன்வைப்புத் தொகை கட்ட வேண்டாம், முன் அனுபவம், விற்றுமுதல் நிபந்தனைகளிலும் தளர்வு கேட்கலாம். முன்பு ‘மூன்று வருட டர்ன்ஓவர் காட்டு’ என்ற ஒரே வரியில் சின்ன கம்பெனிகள் வெளியே நின்றன. தமிழ்நாட்டிலும் 1998-லேயே ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் இருக்கிறது. ஆர்டர் கிடைப்பதே சிபாரிசால்தான் என்று டீக்கடையில் பேசுவது இன்று முழு உண்மை இல்லை. விலையைக் குறைத்துப் போட்டு எல்-1 ஆக, அதாவது மிகக் குறைந்த விலை சொன்னவராக வந்து, யாரையும் தெரியாமலே ஆர்டர் வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

சிக்கல் ஆர்டர் வாங்கியதற்குப் பிறகு. ஓர் அரசுக் கழகத்துக்குக் கிடங்கு இருப்பைக் கணக்கிடும் மென்பொருள், முப்பது லட்சம் ரூபாய் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வேலையை ஒழுங்காக முடிப்பீர்கள் என்பதற்கான செயல்திறன் உத்தரவாதம் ஐந்து சதவீதம் என்றால் ஒன்றரை லட்சத்துக்கு வங்கி உத்தரவாதம். சொத்து அடமானம் காட்ட முடியாத சின்ன கம்பெனிக்கு வங்கி அதை முழுத் தொகைக்கும் எஃப்.டி. பிடித்துக்கொண்டுதான் தரும். அடுத்து மூன்று மாத வேலை. சம்பளம் பதினைந்து லட்சம். வேலை முடிந்து பில் போடுகிறீர்கள். டேக்ஸ் இன்வாய்ஸ் இல்லாமல் அங்கே ஃபைலே போட மாட்டார்கள். டேக்ஸ் இன்வாய்ஸ் போட்டுவிட்டாலோ 18 சதவீத ஜி.எஸ்.டி., அதாவது ஐந்து லட்சத்து நாற்பதாயிரம், அடுத்த மாதமே கட்டியாக வேண்டும். கழகம் உங்களுக்குக் காசு கொடுத்ததா இல்லையா என்பது ஜி.எஸ்.டி.க்குத் தேவையில்லாத விஷயம். தாமதித்தால் வருடத்துக்கு 18 சதவீத வட்டி. ஆக, ஒரு ரூபாய் உள்ளே வருவதற்கு முன் ஏறக்குறைய இருபத்திரண்டு லட்சம் வெளியே போயிருக்கிறது. எட்டு மாதப் பணம் என்று தொடங்கினோமே, நாற்பது லட்சம், அதில் பாதிக்கு மேல் காலி.

இப்போது ஃபைல் ஒரு மேஜையில் நிற்கிறது. யாரும் வாய்விட்டு லஞ்சம் கேட்கப் போவதில்லை. “யு.ஏ.டி. ரிப்போர்ட்ல ஒரு சின்ன கொரி இருக்கு சார்” என்பார்கள், அதாவது மென்பொருளை அவர்கள் சோதித்துப் பார்த்த அறிக்கையில் ஒரு விளக்கம் வேண்டுமாம். மறுவாரம் வேறொரு கொரி. மூன்றாவது வாரம் உங்கள் ஆளிடம் யாராவது வராந்தாவில், “கொஞ்சம் கவனிச்சுக்கோங்க தம்பி, எல்லாரும் செய்யறதுதான்” என்று சொல்வார்கள். அந்தக் கணத்தில் மறுப்பதற்குத் தேவைப்படுவது நெஞ்சுரம் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். எனக்குத் தெரிந்தவரை அதைவிட முக்கியமாகத் தேவைப்படுவது ஒர்க்கிங் கேபிட்டல். ஒன்பது மாதம் பில் வராமல் தாக்குப்பிடிக்க முடிந்தவர் “முடியாது” என்று சொல்லிவிட்டு எழுத்துபூர்வமாக நினைவூட்டல் அனுப்பிக்கொண்டிருக்கலாம். ஒன்றாம் தேதிச் சம்பளத்துக்கு அந்த பில்லையே நம்பியிருப்பவரால் முடியாது. அவர் மோசமானவர் என்பதால் இல்லை. வேறு வழியை அவர் முன்கூட்டியே அடைத்துவிட்டார் என்பதால்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் ‘கேட்டாங்க, கொடுத்தோம், நாங்க பாதிக்கப்பட்டவங்க’ என்பது இனி எடுபடாது. 2018-ல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியபோது லஞ்சம் கொடுப்பதும் நேரடியாகக் குற்றமாகிவிட்டது. ஏழு ஆண்டு வரை சிறை. கட்டாயப்படுத்தப்பட்டுக் கொடுத்தேன் என்றால் ஏழு நாளுக்குள் புகார் செய்திருக்க வேண்டும். கம்பெனிக்காக ஊழியரோ ஏஜென்டோ கொடுத்தாலும் கம்பெனி மாட்டும். சம்மதம் தெரிவித்த இயக்குநரும் மாட்டுவார். லஞ்ச ஒழிப்புத் துறையிடம் போய், ரசாயனம் தடவிய நோட்டோடு பிடித்துக் கொடுக்கும் செய்தியை வாராவாரம் படிக்கிறோம். பட்டா மாறுதலுக்குப் போகும் தனிமனிதருக்கு அது ஒருமுறை வேலை. அதே அலுவலகத்தில் அடுத்த இரண்டு வருடப் பராமரிப்பு ஒப்பந்தம் வைத்திருக்கும் கம்பெனிக்கு அது எளிதில் எடுக்கக்கூடிய முடிவு அல்ல. கசப்பாக இருந்தாலும் நிலைமை இதுதான்.

கொடுக்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். ரொக்கம் எங்கிருந்து வரும்? கணக்கில் ரொக்கத்துக்கு வழியில்லை. தெரிந்த ஒருவரின் பெயரில் ‘கன்சல்டன்ஸி’ என்று ஒரு பில். அவர் தன் கமிஷனைப் பிடித்துக்கொண்டு மீதியை ரொக்கமாகத் திருப்பித் தருவார். இதை அக்கவுன்டன்ட் பார்க்கிறார். வங்கிக்குப் போன ஆபீஸ் பையன் பார்க்கிறான். அதற்குப் பிறகு நடப்பதை யாரும் ஷீட்டில் எழுதுவதில்லை. மார்க்கெட்டிங் ஆள் போடும் பெட்ரோல் பில் மெல்ல வீங்கும். லேப்டாப் வாங்கப் போனவர் கடைக்காரரிடம் இரண்டாயிரம் கூடுதலாகப் போட்டு பில் வாங்கி வருவார். போலி பில் போடச் சொன்ன முதலாளிக்கு இதைக் கேட்க வாய் வராது. கேட்டாலும், எதிரில் நிற்பவரின் ஒரு சின்னச் சிரிப்பைத் தாங்க வேண்டும்.

கூடவே ஆபீஸ் அதிகாரமும் இடம் மாறும். நல்ல புரோகிராம் எழுதுகிற பெண்ணைவிட, தலைமைச் செயலகத்தில் எந்தத் தளத்தில் யார் எத்தனை மணிக்கு வருவார் என்று தெரிந்தவர் பெரிய ஆள் ஆவார். மென்பொருளில் உள்ள கோளாறை விட அவர் கொண்டுவரும் செய்திக்கு மீட்டிங்கில் முன்னுரிமை கிடைக்கும். திறமையானவர்கள் சண்டை போட்டுக்கொண்டெல்லாம் போக மாட்டார்கள். ‘பெர்சனல் ரீசன்ஸ்’ என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடுவார்கள்.

இதெல்லாம் கீழ்மட்டக் குமாஸ்தாக்களின் பேராசையால் வருகிறது என்று நினைத்தால் கூரையைப் பார்க்காமல் ஒழுகலைத் துடைக்கிறோம். தேர்தல் செலவு எங்கிருந்தோ வர வேண்டும். 2017-ல் கம்பெனிகள் கட்சிகளுக்குத் தரும் நன்கொடைக்கு இருந்த உச்சவரம்பை, மூன்று ஆண்டுச் சராசரி நிகர லாபத்தில் ஏழரை சதவீதம், எடுத்துவிட்டார்கள். 2018 ஜனவரியில், வங்கியில் வாங்கிக் கட்சிகளுக்கு நன்கொடையாகக் கொடுக்கும் தேர்தல் பத்திரங்கள் வந்தன. யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்பது வாக்காளருக்குத் தெரியாது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் இரண்டையும் அரசியலமைப்புக்கு எதிரானவை என்று ரத்து செய்தது. பிறகு வெளியான பட்டியலில் முதலிடம் கோவையைச் சேர்ந்த ஒரு லாட்டரி நிறுவனத்துக்கு, 1,368 கோடி ரூபாய். இரண்டாமிடம் பெரிய அரசுக் கட்டுமான ஒப்பந்தங்களை எடுத்துச் செய்யும் ஐதராபாத் நிறுவனத்துக்கு. அந்தப் பணத்துக்கும் எந்த ஒப்பந்தத்துக்கும் நேரடித் தொடர்பு என்று நான் சொல்ல வரவில்லை. அரசிடம் விற்பவர்களும் அரசின் உரிமத்தில் பிழைப்பவர்களும் எந்தச் சூழலில் தொழில் செய்கிறார்கள் என்பதை அந்தப் பட்டியல் காட்டுகிறது. நீங்கள் முப்பது லட்ச ரூபாய் ஆள். உங்களிடம் பத்திரம் வாங்கச் சொல்ல மாட்டார்கள். மாநாட்டு வசூலுக்கு ரசீதுப் புத்தகம் வரும். அவ்வளவுதான் வித்தியாசம்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றையும் சேர்க்க வேண்டும்: ஒரு பைசா எதிர்பார்க்காமல் பில்லைப் பாஸ் செய்யும் அதிகாரிகள் இருக்கிறார்கள், நீங்கள் நினைப்பதைவிட நிறைய பேர். ஆனால் உங்கள் பில் எந்த அதிகாரியிடம் போகும் என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. நல்லவர் இருக்கிறார் என்று நம்பி வேலையை ஆரம்பிப்பீர்கள். பில் போகும்போது அவருக்கு மாறுதல் வந்திருக்கும்.

இரண்டாவது வழி சப்-கான்ட்ராக்ட். டெண்டரைப் பெரிய கம்பெனி எடுக்கும், வேலையை நீங்கள் செய்வீர்கள். நிறைய பேர் இதை நடுவழி என்று நினைக்கிறார்கள்: “மேல என்ன நடக்குதோ நமக்குத் தெரியாது, நம்ம கை சுத்தம்.” நான்கில் மோசமானது இதுதான் என்பேன். மேலே போகும் பங்கு உங்கள் விலையைக் குறைத்துத்தான் வருகிறது. ஒப்பந்தத்தில் ‘பேக்-டு-பேக்’ என்று ஒரு வரி இருக்கும். அரசு எங்களுக்குத் தந்தால்தான் உங்களுக்குத் தருவோம் என்று அர்த்தம். அரசு வேலையின் தாமதம் முழுக்க உங்களுக்கு, அரசோடு வேலை செய்த அனுபவச் சான்றிதழோ அவர்களுக்கு.

குறு, சிறு தொழில் சட்டத்தின்படி 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது. இழுத்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்குக் கூட்டு வட்டி. 2006-லிருந்து சட்டம் இருக்கிறது. 2017-ல் புகார் செய்ய ‘சமாதான்’ இணையதளமும் வந்தது. 2024 ஏப்ரல் முதல் வருமான வரியிலும் ஒரு பிடி போட்டார்கள்: உரிய நாளுக்குள் தராத தொகையை, கொடுக்கும் வருடத்தில்தான் செலவாகக் காட்ட முடியும். இந்தக் கடைசிப் பிடி கொஞ்சம் வேலை செய்கிறது, மார்ச் மாதம் திடீரென்று போன் வரும். மற்றபடி, தன் ஒரே வாடிக்கையாளர் மேல் புகார் போடும் தைரியம் எந்தச் சின்ன கம்பெனிக்கு உண்டு? வருமானத்தில் எழுபது சதவீதம் ஒரே இடத்திலிருந்து வந்தால் அது தொழிலே இல்லை, நோட்டீஸ் பீரியட் இல்லாத வேலை. ஆபீஸ் பழக்கமும் அப்படியே ஆகும். “யெஸ் சார், முடிச்சிடலாம் சார்” என்று சொல்லும் அக்கவுன்ட் மேனேஜர் ஒருவர் வளர்வார். அவர் ஒப்புக்கொண்ட தேதிக்காக மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை வருவார்கள்.

மூன்றாவது, வெளிநாட்டுச் சந்தா. இங்கே முன்மாதிரிக்குத் தூரம் போக வேண்டியதில்லை. 1996-ல் தொடங்கிய ஜோஹோ, 2010-ல் சென்னையில் தொடங்கி 2021 செப்டம்பரில் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலான ஃப்ரெஷ்வொர்க்ஸ், சந்தா பில்லிங்கையே தொழிலாக்கிய சார்ஜ்பீ. இந்த ஊரில் இத்தனை மென்பொருள் கம்பெனிகள் எப்படி முளைத்தன என்பதற்கு நிறைய காரணம் சொல்வார்கள். காசு முதலில் வருகிறது, வேலை பிறகு என்பதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. வாடிக்கையாளர் மாதம் பிறக்கும்போதே கார்டில் கட்டிவிடுகிறார். ஏற்றுமதி என்பதால் எல்.யு.டி. எனும் உறுதிமொழிக் கடிதம் தாக்கல் செய்துவிட்டு ஜி.எஸ்.டி. கட்டாமலே பில் போடலாம். ஒருவர் போனால் இன்னொருவர். யாருடைய வராந்தாவிலும் காத்திருக்க வேண்டாம்.

ஆனால் மெதுவான வழி. மாதம் 49 டாலர் சந்தா என்றால் நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய். சம்பளத்துக்கு மட்டுமே நூற்றுப்பத்து, நூற்றிருபது பேர் கட்ட வேண்டும். உங்கள் எட்டு மாதப் பணத்தில் அது நடக்காமல் போவதற்கே வாய்ப்பு அதிகம். அமெரிக்கக் கிழக்குக் கரையில் கோடைக்காலத்தில் காலை ஒன்பது மணி என்றால் நமக்கு மாலை ஆறரை. சப்போர்ட் ஆட்கள் ராத்திரி விழிக்க வேண்டும். வண்டி ஏற்பாடு, ராத்திரிச் சாப்பாடு, மறுநாள் தூங்க விடுகிற பழக்கம் இதெல்லாம் இல்லாமல் ‘ஸ்டார்ட்அப் கல்ச்சர்’ என்று பேசினால் முதலில் பெண்கள் விலகுவார்கள். 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நிறுவனர் நாராயண மூர்த்தி வாரம் 70 மணி நேரம் வேலை செய்ய வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் 90 என்றார். இரண்டு பேச்சிலும் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வீடு திரும்புகிறவருக்கு வண்டி யார் அனுப்புவது என்ற கேள்விக்கு இடமில்லை. தமிழ்நாட்டில் 12 மணி நேர வேலைக்கான மசோதா 2023 ஏப்ரலில் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பியதும் மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டதையும் நினைவில் வையுங்கள். நேர விஷயத்தில் இங்கே ஊழியர்கள் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள் என்று கணக்குப் போடாதீர்கள்.

நேர்மைச் சோதனை இந்த வழியில் இல்லை என்று நினைக்க வேண்டாம், அது வேறு உடையில் வரும். கொஞ்சம் பெரிய வாடிக்கையாளர் என்றால் நூற்றுக்கணக்கான கேள்விகளோடு ஒரு பாதுகாப்புப் படிவம் அனுப்புவார். ‘உங்கள் மென்பொருளுக்குள் வெளியாட்கள் நுழைய முடியுமா என்று பார்க்கும் ஊடுருவல் சோதனையை வருடாவருடம் செய்கிறீர்களா? முன்னாள் ஊழியரின் அனுமதியை 24 மணி நேரத்தில் நீக்குகிறீர்களா?’ எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ என்று டிக் அடித்து அனுப்பும் கம்பெனிகள் உண்டு. இதில் கவரும் கிடையாது, வராந்தாவும் கிடையாது. ஆனால் பொய் பொய்தான். அதே படிவத்தோடு லஞ்ச ஒழிப்பு உறுதிமொழி ஒன்றும் வரும். பக்கத்து அறையில் அரசு பில்லுக்குக் கவர் தயாராகிக்கொண்டிருந்தால், இங்கே நீங்கள் போடும் கையெழுத்தும் பொய். இரண்டு வழியையும் ஒரே நேரத்தில் நடத்துபவர்கள் இதை யோசிப்பதே இல்லை.

யார் கை ஓங்கும்? சப்போர்ட் டிக்கெட்டைப் பார்த்துக் கோளாறு சரிசெய்பவர் கை. வாடிக்கையாளர் விலகாமல் வைத்திருப்பது அவர்தான் என்பது மாதக் கடைசியில் எண்ணாகவே தெரிந்துவிடும். நான்கு வழிகளில் வேலை தெரிந்தவர் இயல்பாக மேலே வருவது இதில் மட்டும்தான்.

நான்காவது, முதலீட்டாளர் பணம். இதை வருமானம் என்று எண்ணுபவர்கள் இன்னும் இருப்பதால்தான் பட்டியலில் சேர்த்தேன். இங்கே வாடிக்கையாளர் முதலீட்டாளர். நீங்கள் விற்பது வளர்ச்சி எண். எண் வராத மாதத்தில் என்ன செய்வீர்கள் என்பதுதான் சோதனை. 2023 ஜனவரியில் கார் பழுதுபார்ப்புக் கம்பெனியான கோமெக்கானிக்கின் நிறுவனர், கணக்கு அறிக்கையில் பிழைகள் செய்ததைப் பொதுவெளியில் ஒப்புக்கொண்டார். ஏறத்தாழ 70 சதவீதம் ஊழியர்கள் வேலையிழந்தார்கள். 2022-ல் 2,200 கோடி டாலர் மதிப்பு என்று பேசப்பட்ட இணையவழிக் கல்விக் கம்பெனி பைஜூஸ் 2024 ஜூலையில் திவால் நடவடிக்கைக்குள் போனது. இரண்டையும் ஒரே குற்றமாகப் பார்க்க முடியாது. ஆனால் இந்த மாதிரிக் கம்பெனிகளில் எண்ணைச் சொல்பவர் ராஜா. எண்ணைச் சரிபார்ப்பவர் ‘நெகட்டிவ் ஆள்’. அப்படி ஒரு பட்டப்பெயர் உங்கள் ஆபீஸில் புழங்க ஆரம்பித்தால் கவனியுங்கள்.

நான் எதைச் சொல்வேன்? பத்துப் பேர் கம்பெனிக்குச் சந்தா வழிதான், ஆனால் முழுக்க வெளிநாட்டை நம்பி அல்ல. திருப்பூர், ஈரோடு, சிவகாசிப் பக்கம் ஐம்பது பேர் வேலை பார்க்கும் தொழிற்கூடங்களுக்கு வருடச் சந்தா முன்பணமாக விற்று முதல் ஆண்டை ஓட்டுவது. பேரம் பேசியே கொல்வார்கள், உண்மை. ஆனால் கொடுத்த வாக்கை நீங்கள் காப்பாற்றினால், அதை நாலு பேரிடம் சொல்லி அடுத்த வாடிக்கையாளரையும் கொண்டுவருவார்கள். அந்த வருமானம் சம்பளத்தைத் தாண்டிய பிறகு அரசு டெண்டர். வரிசை முக்கியம். மத்திய அரசு ஊழியர்களின் மின்னஞ்சல், சுமார் 12 லட்சம் கணக்குகள், ஜோஹோ தளத்துக்கு மாறியது 2023-ல் கிடைத்த ஒப்பந்தத்தால். கம்பெனி தொடங்கி இருபத்தேழு வருடம் கழித்து. 2025-ல் மத்திய அமைச்சர்களே பகிரங்கமாக ஜோஹோவுக்கு மாறினார்கள். அந்த நெருக்கம் நல்லதா என்று விவாதிக்கலாம், விவாதிக்கவும் வேண்டும். அரசு நாளைக்கே முகம் திருப்பினாலும் சம்பளம் போட முடிகிற நிலையில் அவர்கள் உள்ளே போனார்கள் என்பது எனக்கு முக்கியம்.

உங்கள் பொருளை அரசைத் தவிர யாரும் வாங்க முடியாது என்றால், அரசு மருத்துவமனைக்கான கருவி, பள்ளிக்கூடத்துக்கான தளம் என்று, நான் சொன்ன வரிசை உங்களுக்குப் பொருந்தாது. அப்போது முதலீட்டாளர் பணத்துக்கு ஒரு நியாயம் உண்டு. பில்லுக்குக் காத்திருக்கும் ஒன்பது மாதத்தை வாங்குவதற்காக மட்டும் அதை வாங்குங்கள். ஜெம் வழியாகவோ நேரடி டெண்டரிலோ மட்டும் போங்கள். கட்டத்துக்கு ஒரு பில் என்று ஒப்பந்தத்திலேயே பிரித்துக் கேளுங்கள். கடைசியில் ஒரே பில் என்றால் மொத்தப் பிடியும் ஒரே மேஜையில் போய் உட்காரும். அலுவலகத்துக்குப் போகும் ஆள் இருவராகப் போகட்டும், அன்றைக்கே மின்னஞ்சலில் ‘இன்று பேசியது இது’ என்று அதிகாரிக்கு அனுப்பட்டும். வராந்தாப் பேச்சு பாதி அதிலேயே நின்றுவிடும்.

அரசிடமிருந்து வர வேண்டிய பாக்கி மொத்தம், எந்த நேரத்திலும், உங்கள் மூன்று மாதச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. தாண்டும் நாளில் அடுத்த டெண்டரில் விலை போடாதீர்கள், எவ்வளவு ஆசை காட்டினாலும். இந்த வரம்பை நிறுவனர் மட்டும் மனதில் வைத்திருந்தால் போதாது. அக்கவுன்டன்டுக்கும் தெரிய வேண்டும், தாண்டினால் உங்களை நிறுத்தும் உரிமையும் அவருக்கு எழுத்தில் இருக்க வேண்டும்.